நாற்பதாவது இடம்

2025 ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். இன்று ஃபிரிட்ஜைத் திறந்தாலும் கறி, மூடினாலும் கறி வாடை. காலையிலேயே உட்கார்ந்து முப்பத்தொன்பதாவது டீமின் சட்டையை முடித்துவிட்டேன். கரும்பச்சை, நடுவில் வெள்ளைப் பட்டை, காலரில் மஞ்சள் பைப்பிங். அம்மா காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "பந்தாடுறவனாவது வெளிய போய் ஆடுறான். நீ உக்காந்து அவன் சட்டைக்குக் காஜா எடுக்குற. இது என்ன வேலைடி வஜீ?"

சொன்னேன். இது பதினோரு வருஷத்துப் பழைய கால்பந்து வீடியோ கேம். செய்த கம்பெனியே மறந்துவிட்டது, ஆடுகிறவர்கள்தான் விடவில்லை. புதுச் சட்டை, புது முகம், புது மைதானம் என்று தாங்களே செய்து அதன்மேல் ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டுக்குத்தான் பேட்ச் என்று பெயர். எங்கள் பேட்சில் சென்னை லீக் டீம்கள். சட்டைகள் அத்தனையும் நான். ஆட்டக்காரர் விவரமும் தலைமையும் வேளச்சேரி ராகேஷ். தமிழ் வர்ணனை விக்கி. வடபழனியில் டப்பிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறான். அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். பரவாயில்லை, நாள் முழுக்க தி.நகர் கடையில் ஜாக்கெட்டுக்கு மயில் எம்பிராய்டரி வரைகிற எனக்கு இது மூச்சு விடுகிற இடம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கேமில் புது டீமுக்கென்று காலி இடம் கிடையாது. இருக்கிற ஒன்றை வெளியே தள்ளினால்தான் இன்னொன்று உள்ளே வரும். ஏதோ தூர தேசத்து இரண்டாம் டிவிஷனை அப்படியே தூக்கிவிட்டு நாற்பது இடம் எடுத்து வைத்திருக்கிறோம். இன்னும் ஒன்று பாக்கி.

அது யாருக்கு என்று எனக்குத் தெரியும். மந்தைவெளி பெண்கள் டீம். ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் கார்ப்பரேஷன் கிரவுண்டில் ஆடுகிறார்கள். கோல்கீப்பர் சுந்தரவல்லி என் பள்ளித் தோழி. எனக்குக் காலில் பந்து நிற்காது. ஓரமாக நின்று கத்துவது மட்டும் நன்றாக வரும். இன்று குழுவில் கேட்டுவிட்டேன். எண் பட்டியலிலும் பதினோரு எண்களுக்கு நேரே என் பெயரை எழுதிவிட்டேன்.

(கேமில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் எண். முகம், முடி எல்லாம் அந்த எண்ணோடு ஒட்டியிருக்கும். ஒரே எண்ணை இரண்டு பேர் எடுத்தால் இவர் முகம் அவர் கழுத்தில் ஏறிவிடும். அதனால் பொதுப் பட்டியலில் ஒருவர் பெயர் எழுதிய எண்ணை இன்னொருவர் தொடக் கூடாது. எங்கள் ஆட்களிடம் இருக்கிற ஒரே மரியாதை அதுதான்.)

ஜூன் 10, செவ்வாய்

ராகேஷ் குரல் பதிவு அனுப்பியிருந்தான். "சிஸ்டர், ஐடியா சூப்பர். ஆனா லேடீஸ் டீம் இந்த கேம்ல ஒர்க் ஆகாது. பாடி பூரா ஜென்ட்ஸ் பாடி. நீளமான முடியே கிடையாது. அதுவும் இல்லாம, யாருமே கேக்கல."

யாரும் கேட்கவில்லையா? நான் கேட்டேனே. நான் யாரு?

ஜூன் 11, புதன்

முடி இல்லையாம். செய்தால் இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

நிதானமாக எழுது, வஜீஹா.

நாற்பதாவது இடம் முடிவாகிவிட்டதாம். ராகேஷின் ஆபீஸ் டீம்! வாரக் கடைசியில் டர்ஃபை வாடகைக்குப் பிடித்து, இருபது நிமிஷம் ஓடி, ஒன்றரை மணி நேரம் போட்டோ எடுத்துக்கொள்கிற டீம். லீக்கிலும் இல்லை, ஒரு மண்ணிலும் இல்லை. சென்டர் ஃபார்வர்டு ராகேஷே. தனக்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண் தொண்ணூற்றொன்று. இந்த ஆளை ஒரு தடவை வேளச்சேரி ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். படி ஏறி வந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெம்பில்லாமல் நின்றான்.

இதற்கு நான் சட்டை செய்து தர வேண்டுமாம். "நேவி ப்ளூ, சிஸ்டர். கம்பெனி லோகோ கொஞ்சம் பெருசா."

"மாட்டேன்" என்று ஒரே வார்த்தை போட்டேன். நாலு வருஷத்தில் இந்தக் குழுவில் நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பிறகு விக்கி மட்டும் தனியாக ஒரு கட்டை விரல் அனுப்பினான்.

ஜூன் 22, ஞாயிறு

பேட்சில் இடம் இல்லையென்றால் போகட்டும். பேட்சின்மேல் போட்டுக்கொள்கிற மாதிரி தனியாக ஒரு சின்ன ஒட்டு, ஆட்-ஆன், செய்து நானே வெளியிடுகிறேன். வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளட்டும்.

காலை ஏழு மணிக்கே கிரவுண்டுக்குப் போய்விட்டேன். முகம் செய்ய ஒவ்வொருவரையும் நேராக, இடது, வலது என்று மூன்று படம் எடுக்க வேண்டும். வெயில் பட்டால் மூக்கின் நிழல் கன்னத்தில் கறையாக ஒட்டிக்கொள்ளும். அதனால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சிரிக்கக் கூடாது என்றதும் பதினோரு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா வஜீ, ஆதார் கார்டுக்கு எடுக்குற மாரி கீது" என்றாள் சுந்தரவல்லி. அடையாறில் ஒரு லேபில் வேலை அவளுக்கு. வீடு வீடாக ஸ்கூட்டியில் போய் ரத்தம் எடுக்கிறாள். ஊசியைப் பார்த்து அழும் பெரிய மனுஷர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வாள். "கேம்லயாவது என்ன கொஞ்சம் வளத்தி வுடு நைனா" என்றாள். முடியாது, உள்ளதைத்தான் போடுவேன் என்றேன்.

கடைசியாக ஜஹீதா. இடது விங். எங்கள் மீர்சாகிப்பேட்டைதான், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஸ்கார்ஃப் இல்லாமல் ஆடமாட்டாள். "என்னை இதோடதான் செய்யணும். கழட்டிட்டுப் போடுறதா இருந்தா என் பேரே வேணாம், வஜீ" என்றாள். அப்படியே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எப்படிச் செய்யப் போகிறேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஜூலை 3, வியாழன்

பின்னல் கழுத்துக்குள் புகுந்து நெஞ்சு வழியாக வெளியே வருகிறது. மூன்று நாளாக.

ஜூலை 6, ஞாயிறு

வந்துவிட்டது! பின்னல் முதுகில் நிற்கிறது, ஓடினால் ஆடுகிறது. ஸ்கார்ஃபுக்கும் வழி கிடைத்தது. குளிர் நாட்டு மைதானங்களுக்காக கேமில் ஒரு கம்பளிக் குல்லாவும் கழுத்துப் பட்டையும் இருக்கின்றன. குல்லாவைக் கீழே இழுத்து, பட்டையை மேலே இழுத்து, காதோரம் இரண்டையும் சேர்த்துத் தைத்தேன். உண்மையில் தையல் மாதிரிதான். ஜாக்கெட் கழுத்துக்கு வெட்டு வரைகிற கணக்கே இங்கேயும் உதவியது. திரையில் ஜஹீதா திரும்பிப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று மதிப்பெண் பஞ்சாயத்து. வேகம், தாவல், உதை என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று போட வேண்டும். கிரவுண்டு சுவரோரம் உட்கார்ந்து ஆளாளுக்கு வாசித்தேன். ரிஃப்ளெக்ஸ் எழுபத்தெட்டு என்றதும் சுந்தரவல்லிக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"போன மாசம் ரெண்டு பெனால்டி புட்ச்சேனே, அப்ப எங்க போயிருந்த?"

"மூணு விட்டியே, அப்பவும் இங்கதான் இருந்தேன்."

சண்டை போட்டார்கள், ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தார்கள், கடைசியில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார்கள். தொண்ணூறு என்று யாருமே கேட்கவில்லை. ராகேஷ் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டது. கடையில் ஒரே நாளில் பதினாறு மயில். முதலாளி பதினேழாவது கேட்டார். அதற்குக் கொண்டை வைக்க மறந்துவிட்டேன், அவர் கவனிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வெளியிட்டுவிட்டேன். 'மந்தைவெளி பெண்கள் டீம்: ஆட்-ஆன் 1.0.' கேம் ரசிகர்களின் இணைய மன்றத்தில் என் சொந்தப் பெயரில், வஜீஹா என்று. மதியத்துக்குள் இருநூறு பேர் இறக்கியிருக்கிறார்கள். முந்தாநாள்தான் ராகேஷும் ஆபீஸ் டீமோடு புது பேட்சை வெளியிட்டான். இரண்டையும் போட்டுக்கொண்டு ஆடட்டும், எனக்கென்ன.

ஜூலை 29, செவ்வாய்

ஐயோ.

பஸ்ஸில் உட்கார்ந்து மன்றத்தைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் ஒரே படம். ராகேஷின் ஆபீஸ் டீம் வரிசையாகக் கைகுலுக்க நிற்கிறது. வேறு யாரையோ வைத்துச் செய்த நேவி ப்ளூ சட்டை, பெரிய லோகோ. கழுத்துக்கு மேலே எங்கள் பெண்கள்! பதினோரு பேரும்! முதுகில் பின்னல் ஆட, 'ராகேஷ்' என்ற பெயரோடு சுந்தரவல்லி சென்டர் ஃபார்வர்டாக நிற்கிறாள். சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

அடுத்த படத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஜஹீதா, ஸ்கார்ஃபோடு. கீழே 'சுரேஷ்குமார்'. யாரோ முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு எழுதியிருக்கிறான்: "சுரேஷ்குமாரு, மாப்பிள்ளை எங்கடா?" அதற்கு நானூறு பேர் சிரித்திருக்கிறார்கள்.

ஜூலை 30, புதன்

என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. பட்டியலில் பதினோரு எண்களுக்கு நேரே என் பெயர் இல்லை. ராகேஷ் ஆபீஸ் டீம் என்று இருக்கிறது. பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். ஜூன் 21 அன்று என் வரியை அழித்துவிட்டுத் தன் வரியை எழுதியிருக்கிறான். எண்கள் அதேதான். இரண்டையும் போட்டவர்களுக்கு அவன் பெயரும் சட்டையும் அப்படியே நிற்க, முகமும் முடியும் மட்டும் என்னுடையவை ஏறிவிட்டன. நான் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்திருக்கிறான்.

என் மீதும் தப்பு உண்டு. வெளியிடுவதற்கு முன் பட்டியலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். நான் பார்க்கவில்லை. கோபத்தில் ஒன்றரை மாதம் அந்தப் பட்டியல் பக்கமே போகவில்லை. அதற்கு ஜஹீதா அல்லவா மாட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ராகேஷ் போன் செய்தான்.

"வேணும்னே பண்ணிருக்கீங்க சிஸ்டர். ஆபீஸ்ல என்னைப் பின்னல் வச்ச மாதிரி பிரிண்ட் எடுத்து ஒட்டிருக்காங்க. குரூப்ல ஒரு சாரி போட்டுட்டு, உங்க நம்பரை மாத்திருங்க. முடிஞ்சுரும்."

"நம்பர் என்னோடது ராகேஷ். என் பேரை அழிச்சது யாரு?"

"அது... நீங்க யூஸ் பண்ணலன்னு நினைச்சேன்."

"என்கிட்ட கேட்டீங்களா?"

வைத்துவிட்டேன். பிறகு குழுவில் இரண்டு வரி எழுதினேன். 'எண்கள் என் பெயரில் இருந்தவை, அழித்த தேதி பட்டியலிலேயே இருக்கிறது. மாற்றமாட்டேன், மன்னிப்பும் கேட்கமாட்டேன்.'

ஆகஸ்ட் 2, சனி

இன்னொரு யோசனையும் வந்தது. மறைக்காமல் எழுதிவிடுகிறேன். என் முப்பத்தொன்பது சட்டைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டால்? செய்தவர் கேட்டால் பேட்சிலிருந்து எடுத்தே ஆக வேண்டும், அதுவும் எங்கள் வழக்கம்தான். முப்பத்தொன்பது டீமும் வெறும் வெள்ளையில் ஓடும். ராகேஷ் அழுவான்.

ஒரு மணி நேரம் அந்த நினைப்பு ஜிலேபியாக இனித்தது. அப்புறம் டீம்களின் பெயர்களைப் படித்துப் பார்த்தேன். துறைமுகத்துத் தொழிலாளிகள், தபால் ஆபீஸ்காரர்கள், வியாசர்பாடிப் பசங்க. இவர்களெல்லாம் எனக்கு என்ன செய்தார்கள்? ஒருத்தன் என் வரியை அழித்தான் என்பதற்காக நான் முப்பத்தொன்பது டீமின் வரியை அழிப்பதா? மாட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கிரவுண்டுக்குப் போகவே பயமாக இருந்தது. சுந்தரவல்லி தூரத்திலேயே கையை ஆட்டினாள். "இன்னா வஜீ, மூஞ்ச தொங்க போட்டுகினு வர? அவனுக்கு என் மூஞ்சி கெடச்சதுக்கு மொட்ட போடணும் அவன்."

ஜஹீதா பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, இன்றைக்கே உன் முகத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்கச் சொன்னேனா?"

"இல்ல, எல்லாரும் கண்டபடி..."

"கடையில ரெண்டு பேர் காட்டிச் சிரிச்சாங்க. வீட்டுல அண்ணன் கேட்டுச்சு. நான் தலைய குனியல வஜீ, அது என் மூஞ்சிதான், நல்லாத்தான் செஞ்சிருக்கா வஜீன்னு சொன்னேன்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "என் மூஞ்சிக்குக் கீழ எவனோ பேரு. எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வருது. நீ மூஞ்சிய தொடாதே. பேரை மாத்து."

எழுந்து ஓடிப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். நிம்மதியில்தான். இன்று அவள் இரண்டு கோல் அடித்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேரை மட்டும் எதற்கு மாற்ற வேண்டும்? 1.1 செய்கிறேன். யார் போட்டாலும் நாற்பதாவது இடம் மொத்தமாக மந்தைவெளிக்குப் போய்விடும். பெயர், சட்டை, மதிப்பெண், கொடி எல்லாம். ஆபீஸ் டீம் வேண்டும் என்கிறவர் இதைப் போடாமல் இருக்கலாம். எது வேண்டுமென்று ஆடுகிறவர் முடிவு செய்யட்டும். விடியலில் தொழுகை முடிந்ததும் உட்கார்ந்தால் கடைக்குக் கிளம்பும்வரை இரண்டு மணி நேரம் கிடைக்கிறது.

சட்டை நிறம் அவர்களே சொன்னார்கள்: அரக்கு. வியர்வை தெரியாதாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விக்கி ஒரு கோப்பு அனுப்பினான். திறந்தால் அவன் குரல். பதினோரு பெயர்களும், ஒவ்வொன்றும் மூன்று விதமாக: சாதாரணமாக, பந்து காலில் இருக்கும்போது, கோல் அடிக்கும்போது. ஜஹீதாவின் பெயரைக் கத்தும்போது குரல் உடைகிறது அவனுக்கு.

"ஸ்டூடியோல டீ பிரேக்ல எடுத்தேன்க்கா. இன்ஜினியர் அண்ணன் யாருடா இவங்கன்னாரு, மந்தைவெளி டீம்னு சொன்னேன். குரூப்ல சொல்லாதீங்க. இல்ல, சொல்லுங்க. என்ன பண்ணிருவாங்க?"

ஆகஸ்ட் 10, ஞாயிறு

1.1 வெளியே போய்விட்டது. இந்தத் தடவை பட்டியலை மூன்று முறை பார்த்தேன்.

சாயங்காலம் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விக்கி தானே வெளியேறிவிட்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாலு வருஷம். ஒரு பட்டனை அழுத்தி எடுத்துவிட்டான். வலிக்கலன்னு யாருக்காகப் பொய் எழுதணும்? வலிக்குது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இறக்கியவர்கள் மூவாயிரத்து நூறு. பிரேசிலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், இந்தக் கோல்கீப்பர் இவ்வளவு குள்ளமாக இருந்தும் மேல் மூலைப் பந்தை எப்படிப் பிடிக்கிறார் என்று. சுந்தரவல்லிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "குதிக்கிறேன்னு சொல்லு" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

விக்கி காலையிலேயே போன் செய்து பட்டியலைத் திறக்கச் சொன்னான். பதினோரு எண்களுக்கு நேரே மறுபடியும் 'வஜீஹா, மந்தைவெளி.' ராகேஷே எழுதியிருக்கிறான். ஆபீஸ் டீம் பட்டியலிலேயே இல்லை. அவன் ஆபீஸில் பாதிப் பேர் என் 1.1 போட்டுத்தான் ஆடுகிறார்களாம், விக்கி சொன்னான். புது பேட்சில் நாற்பதாவது இடம் காலியாக விட்டிருக்கிறது, 1.1 தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. குழுவுக்கு வரச் சொல்லி ஓர் அழைப்பு மட்டும் வந்தது, ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் விக்கியும் தனிப் பட்டியல் தொடங்கிவிட்டோம். புது டீம்களுக்கு இடம் எடுக்க, ஐரோப்பியக் கிளப்புகள் இருக்கிற பகுதியில் இனி நாங்கள் கை வைக்கப் போகிறோம்.

அம்மாவுக்கு இன்று ஜஹீதாவைத் திரையில் காட்டினேன். பந்தை வாங்கி ஓரத்தில் ஓடினாள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஸ்கார்ஃப் பின்னு எங்க? ஓடுனா அவுந்துராது?" என்றாள். பின் ஒன்று வரைந்து குத்திவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மதியம் ஒரு செய்தி, தெரியாத எண். எண்ணூரில் ஒரு பெண்கள் டீமாம். பதினோரு போட்டோ, படகு அடுக்கிய சுவரோரம், உச்சி வெயிலில், எல்லார் முகத்திலும் மூக்கு நிழல். ஒரு படத்தில் மூன்று பேர் சேர்ந்து நிற்கிறார்கள். கீழே ஒரே கேள்வி: "அக்கா, எங்களுக்கு எடம் இருக்கா?"

பதில் எழுதத் தொடங்கினேன். 'ஐடியா நல்லா இருக்கு, ஆனா இப்போதைக்கு ஸ்லாட் இல்' வரைக்கும் வந்துவிட்டது என் விரல். அப்படியே நின்றுவிட்டேன். உண்மையாகவே இடம் இல்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் ராகேஷும் இதைத்தானே சொன்னான், இதே மாதிரி முதலில் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு. என்மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. அழித்தேன்.

பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். எல்லாம் யாரோ ஒருவர் உயிராக நினைக்கிற டீம். கடைசியில், எட்டாம் வகுப்பிலிருந்து நான் பைத்தியமாக இருக்கிற கிளப்பின் மேல் போய் நின்றேன். அவர்கள் தோற்ற நாட்களில் நான் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். உலகத்தில் ஆயிரம் பேட்சில் அவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒன்றில் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தூக்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

'இருக்கு' என்று எழுதினேன். 'போட்டோவ நிழல்ல, தனித்தனியா மறுபடி எடுத்து அனுப்புங்க. பட்டியல் அனுப்புறேன், உங்க பேரை நீங்களே எழுதிக்கங்க. அதுக்கு அப்புறம் என்னாலயும் அழிக்க முடியாது.'

திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு மணி வாக்கில் முதல் வரியில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. ஸ்வர்ணலதா, எண்ணூர், கோல்கீப்பர்.